சப்பிரகமுவாத் தோட்டத் தமிழரும் அவர்தம் பண்பாடும்

ஓர் இனத்தவர் தாம் பிறந்த மண்ணை நீங்கி வேற்று நிலத்திற் குடியேறுமிடத்து, உடன் எடுத்துச் செல்லக்கூடிய பொருள்கள் மிகச் சிலவே. வீட்டையும் வயலையும் கொண்டு செல்ல இயலாது. குளத்தையும் கோபுரத்தையும் கொண்டு செல்ல இயலாது. மொழியையும் தெய்வத்தையும் பாட்டையும் மாத்திரமே அவர் நெஞ்சிற் சுமந்து செல்வர். சென்ற இடத்தில் அவை எத்தனை தலைமுறைக்கு நிலைக்கும், எவற்றைப் பற்றுக்கோடாகக் கொண்டு நிலைக்கும், எது தளருமிடத்து அவையுந் தளரும் என்பன ஆராய்தற்குரிய வினாக்கள். இவற்றிற்கு விடை காண நாம் நெடுந்தூரஞ் செல்ல வேண்டுவதில்லை. நம் நாட்டின் சப்பிரகமுவா மாகாணத் தோட்டங்களில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வாழ்ந்து வரும் தமிழ் மக்களின் வரலாறே போதிய சான்றாகும். அம்மக்களிடையே ஆசிரியத் தொழில் புரிந்து வருபவன் என்ற முறையில், நேரிற் கண்டவற்றையும் நூல்களாற் கற்றவற்றையும் இணைத்து ஈண்டு ஒருவாறு கூற விழைகின்றேன்.

மலையகத் தமிழர் என்றவுடன் பலருக்கும் நினைவில் எழுவன நுவரெலியாவும் ஹற்றனுமே. அங்கே ஒரு தோட்டத்தின் எல்லையில் மற்றொரு தோட்டம் தொடங்கும். பல கல் தொலைவுக்குத் தமிழோசையே செவியில் விழும். சப்பிரகமுவாவின் நிலை வேறு. 1889ஆம் ஆண்டிலே தனி மாகாணமாக அமைக்கப்பெற்ற இப்பகுதி, இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்டது. பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலை ஆகிய பகுதிகளின் உயர்ந்த சரிவுகளில் தேயிலையும், எட்டியாந்தோட்டை, தெகியோவிட்டை, எகலியகொடை முதலிய தாழ்ந்த பகுதிகளில் இறப்பரும் பெரிதும் பயிராகின்றன. ஆயின், தோட்டத்திற்கும் தோட்டத்திற்கும் இடையே சிங்களக் கிராமங்களும் நெல்வயல்களும் இரத்தினக்கல் அகழும் குழிகளும் உள்ளன. எனவே இங்குள்ள தமிழ்க் குடியிருப்புகள் கடலிற் சிதறிய சிறு தீவுகளை ஒப்பன. நுவரெலியாவில் தானே நிலைக்கும் ஒரு பழக்கம், இங்கே எவரேனும் முயன்று நிலைநிறுத்தினாலன்றி நிலையாது. பண்பாட்டைப் பேணுதல் என்பதன் உண்மைப் பொருளை அறியச் சப்பிரகமுவாவே தக்க களம் என்பதற்கு இதுவே காரணம்.

இம்மக்கள் இங்கு வந்த வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் கோப்பிப் பயிரைத் தொடங்கியபோது, திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து வறிய உழவர் கங்காணிமாரால் அழைத்து வரப்பட்டனர். 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழியத் தொடங்கியது. தேயிலை அதன் இடத்தைப் பற்றியது. 1876ஆம் ஆண்டிலே ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்ட இறப்பர்க் கன்றுகள், மோட்டார் வண்டிகள் பெருகிய இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பெருஞ் செல்வமாயின. வெப்பமும் மழையும் மிக்க சப்பிரகமுவாவின் தாழ்ந்த மலைகள் அப்பயிருக்கு ஏற்றனவாய் இருந்தன. களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை 1912இல் இரத்தினபுரியை எட்டியது. ஏற்றுமதிப் பொருள் கொழும்புக்கு இறங்கிற்று. தொழிலாளர் கூட்டம் மலைக்கு ஏறிற்று.

இவ்வாறு வந்தோர் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லயக்காம்பராவிற் குடியமர்த்தப்பட்டனர். தமக்கென ஒரு பிடி நிலமும் இல்லாத அவர்கள் தம் பண்பாட்டை எவ்வாறு காத்தனர்? கூர்ந்து நோக்குமிடத்து மூன்று தூண்கள் புலனாகின்றன. அவை கோயில், கூத்து, ஏடு என்பன.

முதற்கண் கோயிலைக் கருதுவோம். தோட்டந்தோறும் ஒரு மாரியம்மன் கோயில் உண்டு. மரத்தடியில் நட்ட ஒரு கல்லாகத் தொடங்கிப் பின்னர்த் தகரக் கூரையும், அதன் பின்னர்க் கட்டடமும் பெற்ற கோயில்களே பல. ஊர்க் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வந்து இங்கே தெய்வத்தை நிறுவினர் எனத் தத்தம் கோயிலைப் பற்றிக் கூறும் முதியோரும் உளர். முனியாண்டி, மதுரைவீரன், கருப்பண்ணசாமி, காளியம்மன் ஆகிய தெய்வங்களும் உடன் வந்தன. வியப்புக்குரியது யாதெனில், இங்கே புதிய தெய்வங்களும் தோன்றின. தேயிலைத் தொழிற்சாலையின் பெருஞ்சக்கரத்தை ரோதை என்பர். அதனைக் காக்கும் தெய்வம் ரோதைமுனி ஆயிற்று. தேயிலைச் செடியைக் கத்தரித்துத் திருத்தும் வேலை கவ்வாத்து. அதற்கு ஒரு கவ்வாத்துச்சாமி எழுந்தது. இதனை மூடநம்பிக்கை என்று எளிதிற் புறந்தள்ளிவிடலாகாது. பழையதைக் காத்தல் என்பது அதனைப் பேழையிற் பூட்டி வைத்தலன்று. புதிய வாழ்வோடு அதனைப் பொருத்துதலாம் என்பதை எழுத்தறியா அத்தொழிலாளர் அறிந்திருந்தனர்.

கோயில் வழிபாட்டிடமாக மாத்திரம் இருந்ததில்லை. ஆண்டுத் திருவிழாவிற்கு ஒவ்வொரு குடும்பமும் பணம் கொடுக்கும். அப்பணத்தைச் சம்பளத்திலேயே கழித்துக் கொள்ளும் வழக்கமும் பல தோட்டங்களில் உண்டு. கரகம் எடுப்போர், காவடி ஆடுவோர், தேரைச் சோடிப்போர், அன்னதானத்திற்கு விறகு சுமப்போர் என எவருக்கும் ஒரு வேலை உண்டு. கொழும்பிற் கடையிலும் வீட்டிலும் வேலை செய்யும் இளைஞர் அந்நாளில் தவறாது ஊர் திரும்புவர். அயற் கிராமத்துச் சிங்கள மக்களும் அம்மனுக்குத் தேங்காய் உடைப்பர். நம்மவரும் இரத்தினபுரிச் சமன் தேவாலயத்தில் வணங்கிச் சிவனொளிபாத மலை ஏறுவர். தன் பண்பாட்டிற் காலூன்றி நிற்பவனே அயலானோடு அச்சமின்றிக் கை கோக்க வல்லவன் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இரண்டாவது தூண் கூத்து. மலையகத்தில் பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு, காமன் கூத்து ஆகிய மூன்றும் பெருவழக்குடையன. இவற்றுட் காமன் கூத்து மக்களால் மிக விரும்பப்படுவது. மாசி அமாவாசையை அடுத்த மூன்றாம் பிறை நாளிற் பொது இடத்திலே கம்பம் ஊன்றுவர். அன்று தொட்டு இரவுதோறும் தப்பு முழங்கும். இரதிக்கும் மன்மதனுக்கும் திருமணம் நிகழும். ஊரார் வரிசை வைப்பர். சிவபெருமானின் தவத்தைக் கலைக்குமாறு மன்மதனுக்கு ஓலை வரும். தீக்கனாக் கண்ட இரதி செல்ல வேண்டா எனத் தடுப்பாள். இருவரும் லயந்தோறும் சென்று வாசலில் நின்று ஆடுவர். முடிவிற் சிவன் நெற்றிக்கண் திறக்கக் காமன் எரிவான், கம்பமும் எரியூட்டப்படும். இரதியின் புலம்பலைக் கேட்டு அழாத தாய்மாரை நான் கண்டதில்லை. பின்னர்க் காமன் உயிர்பெற்றெழும் சடங்கோடு விழா நிறைவெய்தும். காமன் எரிந்தானா, எரியவில்லையா என இரு கட்சியாகப் பிரிந்து லாவணி பாடி வாதிடும் மரபும் இதனோடு சேர்ந்தது. பள்ளி வாயிலை மிதியாத ஒருவர் புராணச் சான்று காட்டி எதிர்க்கட்சியை மடக்கும் திறனைக் கேட்போர், கல்வி என்பது யாது என மீண்டும் ஒருமுறை சிந்திக்க வேண்டியவராவர்.

மாசி மாதம் இவ்விழாவிற்கு அமைந்ததும் பொருத்தமே. சப்பிரகமுவாவில் மழை குறைந்து நிலவு தெளியும் காலம் அது. இறப்பர் மரம் இலையுதிர்த்துப் பால் சுருங்கும் பருவமும் அதனை ஒட்டியதே. விடியுமுன் எழுந்து பால் வெட்டச் செல்லும் தொழிலாளிக்கு இரவு விழிக்கச் சிறிது இடங்கிடைப்பது அப்போதுதான்.

இங்கே ஓர் உண்மையை மறையாது கூற வேண்டும். கூத்தும் விழாவும் நடப்பதற்குத் தப்பு இன்றியமையாதது. முற்காலத்தில் வைகறையில் தொழிலாளரைப் பிரட்டுக்களத்திற்கு அழைத்ததும் தப்பே. திருவிழாவிற்கும் சாவிற்கும் முழங்கியதும் தப்பே. ஆயினும் அதனை அடித்தவரை நாம் தாழ்ந்தவர் என ஒதுக்கினோம். அவருடைய மக்கள் இன்று அத்தொழிலை வெறுத்துக் கைவிடுகின்றனர். கலையைப் போற்றிக் கலைஞனை இகழும் சமூகம் அக்கலையை இழப்பது நியாயமே. பண்பாட்டைக் காப்போம் என்பார் முதலிற் செய்யத்தக்கது, தப்பைக் கோயிலின் புறவாயிலிலிருந்து பாடசாலையின் மேடைக்கு ஏற்றுதலாம்.

மூன்றாவது தூண் ஏடு. தொழிலாளர் எழுத்தறியாதவர் என்பது பொதுக் கூற்று. ஆனால் லயத்திற்கு ஒருவராவது எழுத்துக் கூட்டிப் படிப்பவர் இருந்தனர். சென்னையில் அச்சாகிய பெரிய எழுத்துப் புத்தகங்களான அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை முதலியவற்றை அவர் மண்ணெண்ணெய் விளக்கொளியில் இராகத்தோடு படிக்க, மற்றையோர் சூழ்ந்திருந்து கேட்பர். கூத்து வாத்தியார் தம் பாட்டுக்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருப்பார். கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளரிடையே சங்கம் அமைக்கப் புறப்பட்டபோது, துண்டுப் பிரசுரங்களையும் பாட்டையுமே படைக்கலமாகக் கொண்டார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மாள் மேடையிற் பாடிய பாட்டுக்கள் தொழிலாளரைத் தட்டியெழுப்பின. தமிழ் எழுத்து இவ்வாறு லயத்தினுள்ளும் வாழ்ந்தது.

இம்மூன்று தூண்களும் பேரிடிகளைத் தாங்கின. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் செய்யப்பட்ட உடன்படிக்கையாற் செம்பாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒரே லயத்தில் தமையனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைக் குடியுரிமையும் கிடைத்த கொடுமையை முதியோர் இன்றும் கூறி வருந்துவர். கூத்துக் குழுக்கள் உடைந்தன. இரதியாக ஆடியவர் கப்பலேற, மன்மதனாக ஆடியவர் இங்கே எஞ்சினார். இதனோடு 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களும் சேர்ந்தன. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் பலவும் தாக்குண்டன. லயங்களை விட்டு ஓடியோருட் பலர் வவுனியா முதலிய வடபகுதிகளிற் குடியேறினர். 1946ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் இந்தியத் தமிழர் எனக் கணிக்கப்பட்டோர் நாட்டு மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பேர். 2012இல் அது நூற்றுக்கு 4 பேரைச் சற்றே கடந்தது. தம்மை இலங்கைத் தமிழர் எனப் பதிந்துகொண்டோரும் பலராதலின் இக்குறைவு முழுவதும் மக்கள் வெளியேறியதால் நேர்ந்ததன்று; எனினும் இழப்புப் பெரிதே. குடியுரிமைச் சிக்கலை 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் தீர்த்து வைத்தன.

இத்தனைக்குப் பின்னரும் கோயில் நிற்கின்றது. கூத்தும் பல தோட்டங்களில் நடைபெறுகின்றது. தளர்வது மூன்றாவது தூணே. அது தளரும் வகையையே இக்கட்டுரை சிறப்பாக எடுத்துரைக்க விரும்புகின்றது.

தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்தல் தோட்ட நிருவாகத்தின் கடமை என 1920ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டம் விதித்தது. அவ்விதியால் எழுந்தவை பெரும்பாலும் ஒரே அறையும் ஒரே ஆசிரியரும் கொண்ட பள்ளிகள். 1945 முதல் நாடெங்கும் பரவிய இலவசக் கல்வியின் பயன் அவற்றை நெடுங்காலம் எட்டவில்லை. 1970களின் பிற்பகுதியிலேயே அவை பெருமளவில் அரசாங்கத்தாற் பொறுப்பேற்கப்பட்டன. அதன் பின் கட்டடங்கள் எழுந்தன; ஆசிரியர் வந்தனர்; பட்டதாரிகளும் தோன்றினர். இந்நன்மையை மறத்தல் நன்றியன்று. ஆயினும் தீவுகளாய்ச் சிதறிய சப்பிரகமுவாக் குடியிருப்புகளில், ஆரம்ப வகுப்புகளைத் தமிழில் முடித்த பிள்ளைக்கு உயர்வகுப்பு எங்கே என்பது பெரும் வினாவாகவே உள்ளது. கணிதமும் விஞ்ஞானமும் உயர்தரத்தில் தமிழ்மொழியிற் கற்பிக்கும் பாடசாலையை அடைய நெடுந்தூரம் பஸ்ஸிற் செல்ல வேண்டும். அரை மணி நடையிலோ நல்ல சிங்களப் பாடசாலை ஒன்று உண்டு. பெற்றோர் எதனைத் தேர்வர்? பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணிச் சிங்களமொழி வகுப்பிற் சேர்ப்போரை நாம் குறைகூற இயலாது. சிங்களம் கற்றல் நன்றே. இந்நாட்டில் அது வேண்டியதுமாகும். தமிழை எழுதவும் படிக்கவும் கல்லாமை ஒன்றே தீது.

இதன் விளைவை நான் கண்கூடாகக் கண்ட ஒரு நிகழ்ச்சியால் விளக்குவேன். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பகுதியின் இறப்பர்த் தோட்டம் ஒன்றிற் காமன் கூத்துக் காணச் சென்றேன். கூத்தைப் பழக்கியவர் எழுபத்தைந்து வயதைக் கடந்த ஒரு முதியவர். அவர் பேரன் இரதி வேடங்கட்டி ஆடினான். குரலும் தாளமும் மிக நன்றாய் அமைந்தன. இடையில் இளைப்பாறும் வேளையில் அவன் ஒரு கொப்பியைத் திறந்து அடுத்த பாட்டை மனத்துட் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆவலோடு அருகிற் சென்று நோக்கினேன். பாட்டு முழுவதும் சிங்கள எழுத்தில் இருந்தது.

தாத்தா சொல்லச் சொல்லத் தானே எழுதிக்கொண்டதாக அவன் கூறினான். அவன் கற்பது சிங்களமொழிப் பாடசாலையில். வீட்டில் தமிழ் பேசுவான், தமிழெழுத்து அறியான். உண்மையைக் கூறின் என் உள்ளத்தில் முதலில் எழுந்தது சினமே. "உங்கள் கொப்பியைப் பார்த்துப் படிக்க இவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாமே, ஐயா" என்று முதியவரை வினவினேன். அவர் அமைதியாக, "என் கொப்பி வெள்ளத்தோட போயிருச்சு, சேர். இப்ப அது என் தலைக்குள்ளதான் இருக்கு. இவன் எழுதலேன்னா அதுவும் என்னோட போயிரும். எழுத்து எதுவா இருந்தா என்ன, பாட்டு தமிழ்தானே?" என்றார்.

எனக்கு மறுமொழி வரவில்லை. அச்சிறுவன் செய்தது இழிசெயலன்று. தன் கைக்கு எட்டிய கருவியைக் கொண்டு தன் பாட்டனின் செல்வத்தைக் காத்தான். தமிழ்ப் பட்டமும் பதவியும் பெற்ற நான், சில கல் தொலைவில் வாழ்ந்தும், அம்முதியவரின் வாய்மொழியைத் தமிழில் எழுதிக்கொள்ள ஒருநாளும் சென்றேனல்லேன். வெட்கப்பட வேண்டியவன் அவனல்லன் என்பதை உணர்ந்தேன்.

எனினும் முதியவரின் கூற்று முழுவதும் உண்மையன்று. அக்கொப்பியைப் படித்துக் காட்டுமாறு சிறுவனை வேண்டினேன். சிங்கள நெடுங்கணக்கில் நம் ழகரத்திற்கும் றகரத்திற்கும் தனியெழுத்து இல்லை. ஆதலின் சிவனின் நெற்றி 'விழி' அவன் ஏட்டில் 'விளி' ஆயிற்று. 'எரி' என்பதற்கும் 'எறி' என்பதற்கும் வேறுபாடு ஒழிந்தது. காமன் எரிந்தானா என்பதே வாதமாகவுள்ள லாவணியில் இவ்வேறுபாடு அற்பமானதன்று. பேச்சில் ழகரம் பிழைத்தல் பண்டும் உண்டு. ஆனால் அன்று ஏடு பிழையாதிருந்தது, அது நாவைத் திருத்திற்று. இன்று ஏடே நாவின் பிழையைப் பதிவு செய்கின்றது. அடுத்த தலைமுறைக்கு ஓசை எஞ்சும்; பொருள் எஞ்சாது. பொருளறியாது பாடப்படும் பாட்டு எத்துணைக் காலம் பாடப்படும்?

இத்தகைய இடர் நமக்கு மட்டும் உரியதன்று. உலகின் பல பாகங்களிலும் குடிபெயர்ந்த மக்கள் இதனை எதிர்கொண்டுள்ளனர். ஓர் எடுத்துக்காட்டாக அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து அங்கேரியரைக் கூறலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அவர்கள் அந்நகரின் இரும்பு, உருக்குத் தொழிற்சாலைகளில் உழைக்கச் சென்றனர். 1891இலே தம் மொழியிற் பத்திரிகை தொடங்கினர். 1892இலே தம் தேவாலயத்திற்கான பங்கை நிறுவினர். பக்கய் வீதி என்னும் பகுதியில், அங்கேரி மொழி ஒன்றையே அறிந்தவரும் இடரின்றி வாழத்தக்க ஊர் ஒன்று எழுந்தது. 1956ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின் புதிய அகதிகளும் வந்து சேர்ந்தனர். ஆனால் பிற்காலத்தில் மக்கள் புறநகர்களுக்குப் பரவவே அவ்வீதி பொலிவிழந்தது. வீதியோடு பண்பாடும் மறைந்திருக்கலாம். மறையாமைக்குக் காரணம், அவர்கள் பிள்ளைகளுக்கென வார இறுதி மொழி வகுப்புகளை நடத்தியதும், சாரணர் கூட்டங்களைத் தம் மொழியிலேயே நிகழ்த்தியதும், பழம்பொருள்களுக்கு ஒரு நூதனசாலை அமைத்ததுமாம்.

அவர்களுக்கும் நமக்கும் வேறுபாடு பெரிது. அவர்கள் குடியுரிமை பெற்று வளர்ந்தனர்; நம்மவர் குடியுரிமையை இழந்து தவித்தனர். அவர்கள் கூலியில் மிச்சம் பிடித்து வீடு வாங்கினர். நம்மவர் பலர் இன்னும் லயத்தில் உள்ளனர். எனினும் பாடம் ஒன்றே. நெருங்கி வாழுங்காலத்திற் பண்பாடு தானே நிலைக்கும். சிதறி வாழுங்காலத்தில் அதற்கென ஒரு நாளும், ஓர் இடமும், ஓர் ஆசிரியரும் வேண்டும். லயங்கள் மறைந்து தனி வீடுகள் எழ வேண்டும் என்பதே நம் அனைவரின் விருப்பம். அவ்விருப்பம் நிறைவேறும்போது, லயத்தின் நெருக்கம் தானே காத்து வந்தவற்றை நாம் முயன்று காக்க வேண்டிவரும்.

நம் நாட்டிலேயே இதற்கு வழிகாட்டிகள் உளர். ஆறுமுக நாவலர் மரபில் வந்த கல்விச் சாலைகள், சிறு தெய்வ வழிபாட்டை அவர் கடிந்தமையாற் போலும், நெடுங்காலம் கிராமியக் கலைகளை எட்ட நின்றே நோக்கின. நாவலர் உயிர்ப்பலியைக் கடிந்தது அறமே. ஆனால் அதன் பெயரால் மக்கட் கலையையும் ஒதுக்கிவைத்தது நம் தவறு. அத்தவறைத் திருத்தியவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். பேராதனையில் அவர் 1962இற் கர்ணன் போரையும் பின்னர் இராவணேசனையும் மேடையேற்றியபோது, மட்டக்களப்புக் கிராமத்துக் களரியில் ஆடப்பட்ட கூத்து, கற்றோர் அவையில் மதிப்புப் பெற்றது. பாடசாலைகள் கூத்தைப் பயிலத் தொடங்கின. மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை தொழிலாளரின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். கம்பளைக்கு அண்மையிற் பழைய லயம் ஒன்று தோட்டத் தொழிலாளரின் நூதனசாலையாக விளங்குகின்றது. மட்டக்களப்புக் கூத்திற்குக் கிடைத்த பேறு சப்பிரகமுவாவின் காமன் கூத்திற்குக் கிடைத்தலாகாதோ?

செய்யத்தக்கன யாவை எனின், எளியனவே. ஒன்று, கூத்து வாத்தியார்கள் உயிரோடிருக்கும்போதே அவர்தம் பாட்டுக்களை ஒலிப்பதிவு செய்து தமிழில் எழுதி, ஒரு படியைப் பாடசாலையிலும் மற்றொன்றைக் கோயிலிலும் வைத்தல். கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிதாகிவிட்ட இக்காலத்தில் இதற்குப் பணம் வேண்டுவதில்லை, மனம் வேண்டும். இரண்டு, கோயில்களில் ஞாயிறுதோறும் நடைபெறும் அறநெறிப் பாடசாலையிலே, சிங்களமொழியிற் கற்கும் பிள்ளைகளுக்குத் தேவாரத்தோடு தமிழ் நெடுங்கணக்கையும் கற்பித்தல். வாரம் ஒரு மணி நேரம் கொடுப்பின் ஓராண்டில் ஒரு பிள்ளை தமிழ் படிக்கும். நான் இதனைச் செய்து கண்டே கூறுகின்றேன். மூன்று, பாடசாலையின் தமிழ்த்தின விழாவில் முதியவரை மேடையேற்றி, மாணவர் அவரிடமே கூத்துப் பழகச் செய்தல். நான்கு, வடக்கிலும் கிழக்கிலும் தலைநகரிலும் உள்ள பெருங் கல்லூரிகள், சப்பிரகமுவாவின் சிறு தமிழ்ப் பாடசாலைகளோடு உறவு கொண்டு, உயர்தர விஞ்ஞான ஆசிரியரும் விடுதி வசதியும் கிடைக்கத் துணைநிற்றல். இந்நான்காவதே அடிப்படை. தமிழ்வழி உயர்கல்விக்கு வழி இருப்பின், தமிழை விடுமாறு பெற்றோரை வறுமை நெருக்காது.

அன்று இரதி வேடமிட்ட அச்சிறுவன் அடுத்த மாதம் முதல் எங்கள் அறநெறி வகுப்பிற்கு வந்தான். முதல் நாள் அவன் கரும்பலகையில் எழுதக் கேட்டது அகரத்தையன்று, ழகரத்தை. பல முறை அழித்து அழித்து எழுதினான். பாட்டனார் சென்ற ஆண்டு இறைவனடி சேர்ந்தார். அதற்கு முன்னரே அவர் பாட்டுக்களிற் பெரும்பகுதியைப் பேரனும் நானுமாகத் தமிழில் எழுதி முடித்துவிட்டோம். சில பாட்டுக்கள் அவரோடு போயின. முடித்தவை பற்றி மகிழ்வதினும், போனவை பற்றி வருந்துவதே என் உள்ளத்தில் மிகுதி. இவ்விதழைக் கையிலெடுக்கும் ஆசிரியரும் மாணவரும் பழைய மாணவரும் தத்தம் ஊரில் இத்தகைய முதியவர் எவர் உளர் என ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக. எண்ணியதும், அடுத்த மாசி வரைக் காத்திராது, ஒரு கொப்பியோடு அவர் வாசலை அடைவாராக.